பச்சைக் கொடியும் பின்வரிசையும்

பவளப்பட்டணத்தில் ஒரு தலைமையாசிரியைக்கு ஒரு குரு இருந்தார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சிஷ்யைக்கு ஐம்பதைத் தொட ஒரு வருடம் குறைவு. விடியலில் சிஷ்யை குருவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஓதுவார். பள்ளிக்கூட மணி அடித்ததும் குரு, சிஷ்யையின் அறைக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். இப்படியொரு குருகுலம் வேறெங்கும் இருந்ததாகக் கேள்வியில்லை.

சிஷ்யையின் பெயர் ஜுலைஹா. சென்னையில் மாத்திரை செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல காலம் இருந்தவர். பழுதான மாத்திரை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை என்று அங்கே பேச்சு. சொந்த ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை தேடியபோது, பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் பட்டத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

குருவின் பெயர் உம்மு ஹானி. அதே பள்ளிக்கூடத்தின் காலை மத்ரஸாவை நடத்துபவர். குர்ஆன் முழுவதும் மனப்பாடம். பிள்ளைகள் அவரை உஸ்தாதா என்பார்கள். ஆசிரியை என்று அர்த்தம். பேச்சைவிடச் சிரிப்பு அதிகம். ஜுலைஹாவை விடியலில் லாத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார். மணி அடித்துவிட்டால் மேடம்.

ஜுலைஹா வேலைக்கு வந்த முதல் வாரம் மத்ரஸாவைச் சோதிக்கப் போனார். சின்னப் பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, தன் ஓதல் எத்தனை கோணல் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் விடியலில் வந்து மாணவியாக உட்கார்ந்தார். அந்த மனசு அவரிடம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் அவரைக் கொஞ்சம் கேலி செய்ய வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கப் பக்கத்து நகரத்துக்கு பஸ் ஏற வேண்டும். பஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே அந்த ஊர் வாப்பாமார் பலருக்கு, மகள் படித்தது போதும் என்று தோன்றிவிடும்.

பள்ளிக்கூடத்தை நடத்தும் அறக்கட்டளை சென்னையில் இருந்தது. அவர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். தர ஆய்வுக் குழு வரும், பார்க்கும், திருப்தியானால் வரும் ஜூனில் பிளஸ் ஒன் தொடங்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பேச்சை அதோடு மறந்துவிட வேண்டும்.

பத்தாம் வகுப்பில் மிஸ்ரியா என்றொரு பெண் இருந்தாள். கணக்கில் புலி. குர்ஆனில் பாதியை மனப்பாடம் செய்து முடித்திருந்தாள். அவள் வாப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: நம் ஊரில் பிளஸ் ஒன் வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் வீட்டில் இருக்கட்டும். இவள் நின்றுபோனால் நான் ஊருக்குத் திரும்பி வந்ததே வீண் என்று ஜுலைஹா உம்மு ஹானியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஆகவே ஜுலைஹா தரத்தைக் கையில் எடுத்தார். கம்பெனியில் செய்ததையே இங்கேயும் செய்தார். ஒரு வாரம் முழுக்கக் குறையோ புகாரோ இல்லாமல் ஓடிய வகுப்பின் கதவில் ஒரு பச்சைக் கொடி. குறை வந்தால் கொடி இறங்கும். முதல் வாரம் ஏழெட்டுக் கொடிகள் பறந்தன. மாதம் முடிவதற்குள் எல்லாக் கதவிலும் கொடி. மத்ரஸாக் கூடத்துக்கும் ஒன்று வந்தது. உம்மு ஹானி அதை வாங்கி, ஜன்னலில் வெயில் அடிக்கிற பக்கம் திரையாகத் தொங்கவிட்டுக்கொண்டார்.

முடுக்குச் சந்துகளில் பெண்கள் நின்று பார்த்து, இந்த வருஷம் தர்கா கந்தூரித் திருவிழாவுக்கு முன்னாலேயே கொடியேற்றமா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஜுலைஹா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி வேண்டும் என்பார்கள். புத்தியெல்லாம் அவருக்கு நிறையவே இருந்தது. நெய்யின் மேல் ஆசை அதைவிட அதிகமாக இருந்தது.

ஆய்வுக் குழு வருவதற்கு ஒன்றரை மாதம் இருக்கையில், ஒரு முன்னோட்டமாக, பக்கத்து நகரத்துப் பள்ளியிலிருந்து கேள்வித்தாள் வாங்கித் தேர்வு வைத்தார். அங்கேதான் குட்டு உடைந்தது. ஏழாம் வகுப்பில் பாதிக்கு மேல் பின்னக் கணக்கில் குப்புற விழுந்திருந்தார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். அரையோடு இன்னொரு பங்கைச் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகிற அதிசயம் ஏழாம் வகுப்பில் நடந்துகொண்டிருந்தது.

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஹபுஸா. ஜுலைஹா கூப்பிட்டு விசாரித்தார். ஹபுஸா டீச்சர், பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவில்லை என்று ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றார். மறுபடி நடத்தப் பத்து நாள் வேண்டும். கேட்டால் குறை என்று ஆகும். குறை என்றால் கொடி இறங்கும். மற்ற எல்லாக் கதவிலும் பறக்கும்போது என் கதவு மட்டும் மொட்டையாக நிற்பதை நினைக்கவே முடியவில்லை, மேடம்.

முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் இருந்திருக்கிறது. பரிமாறிய கைகள் அத்தனைக்கும் அது தெரிந்திருக்கிறது. ஜுலைஹாவுக்குக் கோபம் வந்தது. ஹபுஸா டீச்சர் போன பிறகு அந்தக் கோபம் பயமாக மாறியது. இன்னும் எத்தனை கதவுக்குப் பின்னால் எத்தனை பூசணிக்காயோ.

மறுநாள் விடியலில் ஜுலைஹாவுக்குப் பாடம் ஓடவில்லை. ஓதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"உஸ்தாதா, ஒரு கேள்வி."

"கேளுங்க லாத்தா."

"எல்லாக் கதவுலயும் கொடி பறக்குது. ஒரு குறைகூட என் காதுக்கு வரலை. ஆனா பிள்ளைகளுக்கு அரையும் மூணுல ஒண்ணும் கூட்டத் தெரியலை. இத்தனை பேர் இருக்காங்க. ஏன் ஒருத்தரும் என்கிட்டச் சொல்லலை?"

உம்மு ஹானி குர்ஆனை மூடி உறைக்குள் வைத்தார்.

"நாளைக்கு விடியல்ல சுபுஹுத் தொழுகையை நீங்க தொழவைங்க."

"நானா?"

"சின்ன சூராவா எடுத்துக்கங்க."

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் குரு சொன்னால் சொன்னதுதான். ஜுலைஹா அன்று முழுவதும் நடக்கும்போதும் மாடியேறும்போதும் உதட்டுக்குள் ஓதிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் விடியல் தொழுகைக்கு அக்கம்பக்கத்து முடுக்குகளிலிருந்து அறுபது பிள்ளைகள் போல வந்துவிடுவார்கள். தொழுகை முடிந்ததும் மத்ரஸா. பெண்களுக்குப் பெண்ணே தொழவைப்பது அந்த ஊரில் வழக்கம். தொழவைக்கிறவர் முதல் வரிசையின் நடுவில், மற்றவர்களோடு தோளுக்குத் தோள் நிற்பார். பின்னால் வரிசை வரிசையாகப் பிள்ளைகள்.

தொழவைக்கிறவர் ஓதும்போது வரியை மறந்தாலோ மாற்றினாலோ, கூட நிற்பவர்கள் சரியான வரியைச் சத்தமாகச் சொல்லி எடுத்துக்கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டு மேலே ஓதுவார். எடுத்துக்கொடுப்பவர் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. அதில் யாருக்கும் கோபமில்லை, வருத்தமில்லை. உம்மு ஹானியே போன வாரம் நீளமான சூரா ஒன்றில் தடுக்கியபோது நாலு மூலையிலிருந்தும் குரல் வந்தது. தொழுது முடித்ததும் அவர் திரும்பி உட்கார்ந்து, இன்றைக்கு நீங்கள்தான் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தீர்கள் என்று சிரித்தார்.

ஜுலைஹா எடுத்துக்கொண்டது காஃபிரூன் சூரா, குர்ஆனின் ஒரு சின்ன அத்தியாயம். ஆறே வரி. குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது. ஆனால் அதற்குள் ஒரு சுழல் இருக்கிறது. மூன்றாம் வரியும் ஐந்தாம் வரியும் அச்சு அசலாக ஒன்று. ஐந்தாம் வரியை ஓதும்போது, இது மூன்றாவதுதானே என்று ஒரு கணம் மனசு தடுமாறினால் போதும். நாக்கு ஆறாவதுக்குப் போகாமல் நாலாவதுக்குத் திரும்பிவிடும். நாலாவது வந்தால் ஐந்தாவது வரும். ஐந்தாவது வந்தால் மறுபடி நாலாவது.

ஜுலைஹாவின் மனசு தடுமாறியது.

ஒரு சுற்று வந்தார். ஏதோ இடறுகிறது என்று தெரிந்தது. இன்னொரு சுற்று வந்தார். வெளியே போகும் வழி தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் நெற்றி வியர்த்தது. யாராவது கடைசி வரியை எடுத்துக்கொடுப்பார்கள் என்று ஒரு மூச்சு நிறுத்திப் பார்த்தார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வலது பக்கத்தில் தோளை ஒட்டி நின்ற மிஸ்ரியாவின் தோள் லேசாக நடுங்குவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, கடைசி வரியைக் காணாமலேயே ஜுலைஹா குனிந்து ருகூவுக்குப் போனார். பரவாயில்லை, அதனால் தொழுகை கெடாது.

முடிந்ததும் பிள்ளைகள் வந்து கைகொடுத்தார்கள். அழகாக ஓதினீர்கள் மேடம் என்றாள் ஒருத்தி. மாஷா அல்லாஹ் என்றாள் இன்னொருத்தி. அதுதான் ஜுலைஹாவைச் சுட்டது. மிஸ்ரியாவை மட்டும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உனக்கு அந்தக் கடைசி வரி தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் எடுத்துக்கொடுக்கலை?"

மிஸ்ரியா தரையைப் பார்த்தாள்.

"நீங்க மேடம்ல."

கூடம் காலியானது. ஜுலைஹா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவமானத்தில் அழுகை வந்தது. அறுபது பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இவர் சுற்றச் சுற்றக் கூடவே நின்றதை நினைத்ததும், அந்த அழுகைக்குள்ளிருந்தே சிரிப்பும் வந்தது. பிறகு ஒரு நினைப்பு வந்து இரண்டையும் நிறுத்தியது. உம்மு ஹானியும் இரண்டாம் வரிசையில்தானே நின்றார்.

"உஸ்தாதா, நீங்களாவது எடுத்துக்கொடுத்திருக்கலாமே."

"நேத்து நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க லாத்தா. பிள்ளைகள் பதில் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நடுவுல நான் ஏன் பேசணும்?"

ஜுலைஹா எழுந்து நேராக ஏழாம் வகுப்புக்குப் போனார். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கொடியை அவிழ்த்தார். அடுத்த கதவு. அதற்கடுத்தது. பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் கதவுகளில் இருந்த எல்லாக் கொடியும் அவர் கையில் இருந்தது. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, கந்தூரி முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றார் ஜுலைஹா.

அந்த வியாழக்கிழமை மாலை ஆசிரியைகள் எல்லாரையும் கூப்பிட்டார். யாருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று எல்லாரும் முந்தானையைத் திருகிக்கொண்டு வந்தார்கள். ஹபுஸா டீச்சர் அழுவதற்குத் தயாராகவே வந்திருந்தார். ஜுலைஹா யாரையும் எதுவும் கேட்கவில்லை. தான் காஃபிரூன் சூராவுக்குள் சுற்றிச் சுற்றி வந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். எத்தனை சுற்று, எங்கே வியர்த்தது, எங்கே மூச்சை நிறுத்தினார், ஒன்றையும் விடவில்லை.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவியல் டீச்சர் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் ஒரு சத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அறை முழுக்கச் சிரிப்பு. ஜுலைஹாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், இனி ஒவ்வொரு வியாழனும் அந்த வாரத்தில் தான் செய்த தப்பை முதலில் தான் சொல்வதாகவும், அதற்குப் பிறகு சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றும் சொன்னார். அன்று வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் ஜுலைஹா, ஒன்பதாம் வகுப்புத் தேர்வு நாளைத் தவறாக அறிவித்துப் பிள்ளைகளை அலைக்கழித்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் ஹபுஸா டீச்சர் எழுந்து நின்றார். ஏழாம் வகுப்புக்குப் பின்னம் தெரியாது. எப்படி நடத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டு உட்காராமல் அப்படியே நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. தமிழ் டீச்சர்தான், பாடத்தை ஏன் தின்னக் கொடுத்துப் பார்க்கக் கூடாது என்று கேட்டார்.

மறுநாள் ஏழாம் வகுப்புக்கு ஒரு தட்டு நிறைய வட்டலப்பம் வந்தது. முட்டையும் வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அவித்த அந்த இனிப்பின் வாசனைக்கு எட்டாம் வகுப்பும் எட்டிப் பார்த்தது. மிஸ்ரியாவும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் உதவிக்கு வந்தார்கள். ஹபுஸா டீச்சர் தட்டைச் சமமாக ஆறு துண்டாக்கினார். ருகையா என்ற பெண்ணைக் கூப்பிட்டு, பாதித் தட்டும், அதோடு தட்டில் மூன்றில் ஒரு பங்கும் உனக்கு என்றார். பிறகு, நீ தேர்வில் எழுதிய விடைப்படிதான் கிடைக்கும் என்று சொல்லி ஐந்தில் இரண்டு பங்கை அளந்து வைத்தார். ருகையா தட்டைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். இது பாதியைவிடக் குறைச்சல், என்னை ஏமாத்துறீங்க என்றாள். நீதானே எழுதினாய் என்றார் டீச்சர். வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் ருகையா தானே எண்ணிப் பார்த்து ஐந்து துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வியாழக்கிழமைகளில் பூசணிக்காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஒரு பெஞ்சு நிறைய இருந்தார்கள். மத்ரஸாவில் கூட்டமாக ஓதும்போது வாயை மட்டும் அசைக்கிற பிள்ளைகள் சிலர் இருப்பதை உம்மு ஹானியே சொன்னார். ஜுலைஹாவுக்குச் சில இரவுகள் தூக்கம் வரவில்லை. கொடி பறந்த நாட்களில் நன்றாகத் தூங்கியதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆய்வுக் குழு வருகிற வாரம் வந்தது. பள்ளிக்கூடத் தாளாளர் மீராசா ஹாஜி நல்ல மனிதர். பிளஸ் ஒன் வர வேண்டும் என்று அவருக்கும் ஆசை. அவர் பேத்திகள் இருவர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். கதவுகள் மொட்டையாக இருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். கொடிகளைப் பற்றி அவரே சென்னைக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தாராம். அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கட்டிவிடுங்கள், அவர்கள் போனதும் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மிஸ்ரியாவின் வாப்பா மாதிரி எத்தனை வாப்பாமார் காத்திருக்கிறார்கள் என்பதையும் நினைவுபடுத்தினார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார் ஜுலைஹா.

விடியலில் கேட்டார்.

"உஸ்தாதா, ஒரு நாளைக்கு மட்டும் கொடியைக் கட்டினா என்ன? இது பிள்ளைகளுக்காகத்தானே?"

"முதல்ல பாடத்தை ஓதுங்க லாத்தா."

ஜுலைஹா ஓதினார். மனசு அங்கே இல்லை. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டவில்லை. சரி என்றார் உம்மு ஹானி. ஓர் எழுத்து தொண்டையிலிருந்து வர வேண்டும். நுனி நாக்கிலிருந்து வந்தது. சரி, சரி என்றார். ஜுலைஹா ஒரு சொல்லையே விட்டுவிட்டுத் தாண்டினார். மிக நன்று என்றார் உம்மு ஹானி. ஜுலைஹா விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உஸ்தாதா, நான் ஒரு வார்த்தையையே விட்டுட்டேன்."

"பரவாயில்லை லாத்தா. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்தானே."

ஜுலைஹா விரலை முதல் வரிக்குக் கொண்டுபோனார். இந்த முறை உம்மு ஹானி வரிக்கு வரி நிறுத்தினார், திருத்தினார், திரும்ப ஓத வைத்தார். வெயில் வந்து ஜன்னலில் தொங்கிய பச்சைத் துணியில் பட்டபோதுதான் பாடம் முடிந்தது. மீராசா ஹாஜியிடம் கொடி கட்டப்போவதில்லை என்று ஜுலைஹா சொல்லிவிட்டார். அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

குழுவின் தலைவர் பேராசிரியர் குத்புத்தீன். கேள்விகளைக் குறைவாகவும் பார்வையை அதிகமாகவும் வைத்திருக்கிற ஆள். பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தார். மத்ரஸாவில் உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுவதைக் கேட்டு, கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். மீராசா ஹாஜி துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு ஏழாம் வகுப்புக்கு வந்தார்கள். பின்னம் எப்படி நடத்துகிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டதும், ஹபுஸா டீச்சர் முந்துவதற்குள், ஜுலைஹா ஆர்வத்தில் தானே சாக்பீஸை எடுத்துவிட்டார்.

தட்டு வரைந்தார். ஆறு துண்டு போட்டார். அரை என்றால் மூன்று துண்டு என்று எழுதினார். மூன்றில் ஒன்று என்றால் இரண்டு துண்டு என்று எழுதினார். மிஸ்ரியாவின் முகம் மனசுக்குள் வந்து போனது. மூன்றும் இரண்டும் சேர்ந்து நாலு துண்டு என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ருகையாவின் குரல் வந்தது. கையைத் தூக்கவுமில்லை, தயங்கவுமில்லை.

"மேடம், ஒரு துண்டைக் காணோம்."

மீராசா ஹாஜி கண்ணை மூடிக்கொண்டார்.

ஜுலைஹா பலகையைப் பார்த்தார். எண்ணினார். அவர் முகம் மலர்ந்ததை அந்த வகுப்பு அதற்குப் பிறகு பல நாள் பேசியது.

"ஆமா, காணோம். யாரு தின்னது?"

ஏழாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஹபுஸா டீச்சரும் சிரித்தார். ஜுலைஹா நாலை அழித்து ஐந்து என்று எழுதி, ருகையாவுக்குத் தலையசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சாயங்காலம் தலைமையாசிரியை அறையில் பேராசிரியர் தன் தாள்களை மடித்து வைத்தார். ஐந்தாம் வகுப்பு வாசிப்பைப் பற்றிக் கேட்டார். அது குறைதான், ஒரு வருடத்தில் சரிசெய்யப் பார்க்கிறோம், முழுதும் முடியுமா என்று தெரியவில்லை என்று ஜுலைஹா சொன்னார். இந்தப் பள்ளியில் இன்னும் என்னென்ன சரியில்லை என்று கேட்டார் அவர். ஜுலைஹா வியாழக்கிழமைகளில் கேட்டதையெல்லாம் சொன்னார். மீராசா ஹாஜி நடுவில் இருமிப் பார்த்தார். நாற்காலியை நகர்த்திச் சத்தம் போட்டுப் பார்த்தார். ஜுலைஹா நிறுத்தவில்லை. பேராசிரியர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"பிளஸ் ஒன் வகுப்பை எங்கே வைப்பீங்க? அந்த மாடியிலயா?"

ஜுலைஹாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. மீராசா ஹாஜிக்கு உடனே புரிந்துவிட்டது. மாடிக்குக் கூரை போடும் செலவு தன்னுடையது என்று அங்கேயே சொல்லிவிட்டார். பேராசிரியர் கிளம்பும்போது, அந்தக் காணாமல்போன துண்டு எங்கேயாவது இருக்குமா என்று கேட்டு, ஒன்றுக்கு இரண்டாக வட்டலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனார். கொடிகளை அவிழ்க்கச் சொன்னதே தான்தான் என்று மீராசா ஹாஜி இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

செய்தி முடுக்கு முடுக்காக ஓடியது. மிஸ்ரியாவின் வாப்பா வந்து முதல் ஆளாக மகள் பெயரைக் கொடுத்தார். அவர் போனதும் ஜுலைஹா கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதார். இந்த முறை சந்தோஷத்தில்.

மறுநாள் விடியலில் உம்மு ஹானியிடம் போய், இன்றைக்கு நான் தொழவைக்கட்டுமா என்று அவரே கேட்டார். உம்மு ஹானி வரிசையின் நடுவிலிருந்து நகர்ந்து இடம் விட்டார். பிள்ளைகள் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். ஜுலைஹா மீண்டும் அதே காஃபிரூன் சூராவைத்தான் எடுத்தார். போன முறை தொலைத்த கடைசி வரியைக் கண்டுபிடித்துவிடுவது என்று தீர்மானம்.

முதல் வரி, இரண்டாம் வரி, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தில் மனசு மறுபடி தடுமாறியது. நாக்கு நாலாவதுக்குத் திரும்பியது. நாலாவதின் முதல் சொல் வாயிலிருந்து வெளியே வருவதற்குள், வலது பக்கம் மிஸ்ரியா கடைசி வரியைச் சொன்னாள். அதே நேரம் பின்வரிசையில் ருகையா சொன்னாள். அவளுக்கும் பின்னால் யார் யாரோ சொன்னார்கள். கூடமே சேர்ந்து அந்த வரியை அவருக்கு எடுத்துக்கொடுத்தது. ஜுலைஹா அதை வாங்கிக்கொண்டு, குரல் தழுதழுக்க ஓதி முடித்து, குனிந்தார்.

தொழுது முடித்ததும் பிள்ளைகள் கைகொடுக்க ஓடி வந்தார்கள். மேடம் மறுபடியும் அதே இடத்துல என்று ருகையா சொல்ல, அவள் வாயை யாரும் பொத்தவில்லை. பிள்ளைகள் பாடத்துக்குப் பிரிந்து போனார்கள். ஜுலைஹா குருவின் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"உஸ்தாதா, ஒரு கேள்வி."

"கேளுங்க லாத்தா."

"ஆறு வரி சூரா. இத்தனை மாசமா ஓதுறேன். நான் ஒரு தப்பும் இல்லாம, யாரும் எடுத்துக்கொடுக்காம, தொழவைக்கிற நாள் எப்ப வரும்?"

உம்மு ஹானி குர்ஆனை உறையிலிருந்து எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தார்.

"வரும் லாத்தா. வந்துச்சுன்னா, தொழுது முடிச்சு சலாம் கொடுத்ததும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க. பின்னால யாராவது இருக்காங்களான்னு."